பல்லுக்குக் கிளிப் போட்டவர்களுக்கு: தாங்க வேண்டியதும் தாங்கக் கூடாததும்

பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது யாருக்கும் பெரிதாக வலிப்பதில்லை. கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். சாயங்காலம் மெல்ல ஓர் இறுக்கம் தெரியும். மறுநாள் காலையில் இட்லியைக் கடித்தால்கூடப் பல் கூசும். அந்த நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். கிளினிக்கில் கொடுத்த அச்சிட்ட தாள் பையின் அடியில் கிடக்கும். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பல் சீரமைப்பு மருத்துவராக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில், புதிதாகக் கிளிப் போட்டவர்களுக்கும் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிப் போட்ட வாயில் இரண்டு விதத் துன்பம் உண்டு. ஒன்று, பல் நகர்வதால் வரும் வலி. அது வரும், சில நாள் இருக்கும், தானே போய்விடும். இன்னொன்று, கம்பியும் அதைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டும் கன்னத்தையும் உதட்டையும் உரசி உண்டாக்கும் புண். முன்னதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பின்னதைத் தாங்கிக்கொள்ளக் கூடாது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறார்கள். பல் வலிக்குப் பயந்து கிளிப்பைக் கழற்றச் சொல்லி அழுகிறார்கள். கன்னத்தைக் கிழிக்கிற கம்பியை, அடுத்த முறை வரும் வரைக்கும் வாய் திறக்காமல் சகித்துக்கொள்கிறார்கள். கீழே உள்ள அறிவுரைகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்தறிந்து நடக்கத்தான்.

1. வலி எதனால் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காரணம் தெரிந்தால் பயம் குறையும். பல் நேரடியாகத் தாடை எலும்போடு ஒட்டியிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கத்தில் அந்தத் திசு நசுங்கும், எதிர்ப்பக்கத்தில் இழுபடும். நசுங்கிய பக்கத்தில் எலும்பு சிறிது சிறிதாகக் கரையும், இழுபட்ட பக்கத்தில் புது எலும்பு வளரும். இப்படித்தான் பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. இந்த வேலையைத் தொடங்கிவைக்க உடம்பு அந்த இடத்தில் புராஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. நரம்பை உசுப்பி வலியை உண்டாக்குவதும் அவைதான். ஆகவே, கடிக்கும்போது வரிசையாகப் பல பற்கள் ஒருசேர வலிப்பதும், பல் லேசாக ஆடுவதும் ஏதோ கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. சிகிச்சை முடிந்து எலும்பு கெட்டிப்பட்டதும் அந்த ஆட்டம் நின்றுவிடும்.

2. வலியின் நாட்கணக்கை மனத்தில் வையுங்கள்

கம்பி மாட்டிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும். மறுநாள் உச்சத்துக்குப் போகும். மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு முறை கம்பியை இறுக்கி டைட் வைக்கும்போதும் கொஞ்சம் திரும்ப வரும், ஆனால் முதல் தடவை அளவுக்கு இருக்காது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை, கிளிப் போட்ட மறுநாளே அவள் அம்மா கூட்டி வந்துவிட்டார். “நேத்து ராத்திரியிலேருந்து கஞ்சிகூட வேணாங்கறா டாக்டர். கழட்டிடலாமா?” என்றார். பெண் கேட்டது வேறு: “ரெண்டு வருஷமும் இப்படியேதான் வலிக்குமா அங்கிள்?” அதுதான் அவளை வாட்டிய கேள்வி. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கிழமைகளை வரிசையாக எழுதி, இன்று அதிகம், நாளை குறைவு, மறுநாள் இன்னும் குறைவு என்று குறித்துக் கொடுத்தேன். “நாளைக்குச் சாயங்காலம் எனக்கு போன் பண்ணு பாப்பா” என்றேன். பண்ணினாள். “தயிர் சாதம் சாப்பிட்டேன் அங்கிள், இன்னும் வலிக்குதுதான், ஆனா பரவால்ல” என்றாள். வலிக்கு முடிவு உண்டு என்று தெரிந்ததுமே அவள் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இந்த நாட்கணக்கை வைத்தே தேதி வாங்குங்கள். திங்கட்கிழமை பரீட்சை என்றால் ஞாயிற்றுக்கிழமை டைட் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் கல்யாணம் என்றால் ஒரு வாரம் முன்போ பின்போ வையுங்கள்.

3. செப்பரேட்டரை நோண்டாதீர்கள்

கடைவாய்ப்பல்லில் பேண்ட் என்ற உலோக வளையத்தை மாட்டுவதானால், அதற்குச் சில நாள் முன்பு பல்லிடுக்கில் சிறிய ரப்பர் வளையம் வைத்து இடம் உண்டாக்குவோம். அதுதான் செப்பரேட்டர். பலருக்கு முழுக் கிளிப்பையும்விட இதுதான் அதிகம் உறுத்தும். பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்டது என்ற உணர்வு ஓயாமல் இருக்கும். ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி எதையும் கொண்டு அதைக் கிளறாதீர்கள். அது ஈறைக் குத்திப் புண்ணாக்கும், வளையமும் கழன்றுவிடும். அந்தப் பக்கத்தில் ஒட்டுகிற பண்டம் எதையும் மெல்லாதீர்கள். தானாகக் கழன்று விழுந்தால் கிளினிக்குக்கு போன் செய்து சொல்லுங்கள், போதும்.

4. மாத்திரையை அளவாக, நேரத்தோடு போடுங்கள்

வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை தேடுவதைவிட, டைட் வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ, வீட்டுக்கு வந்ததுமோ போடுவது நல்ல பலன் தரும். பொதுவாகப் பாராசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு எடையின் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 300 முதல் 450 மில்லிகிராம் என்று கணக்காகும். அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்படுவது அபூர்வம்.

ஐபுபுரூஃபனும் வலியைக் குறைக்கும். ஆனால் அது புராஸ்டாகிளாண்டினைத் தடுத்து வேலை செய்வது. பல் நகரவும் அதே பொருள் தேவை என்பதால், நாள் கணக்கில் தொடர்ந்து சாப்பிடுவதை நாங்கள் விரும்புவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களும் வயிற்றுப்புண் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. கூடவே காய்ச்சலும் இருந்தால், முக்கியமாக டெங்கு பரவும் மழைக்காலத்தில், ஐபுபுரூஃபனும் வேண்டாம், ஆஸ்பிரினும் வேண்டாம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புவதும், கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பதும் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டும் ஈறைச் சுட்டுவிடும். சொத்தைப் பல்லுக்குச் செய்கிற வைத்தியம் இந்த வலிக்குப் பொருந்தாது.

5. குளிர்ந்த நீரைக் கைமருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்

அந்தக் காலத்துக் கம்பிகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. விறைப்பாக இழுக்கும். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவான நிக்கல்–டைட்டானியம் கலவையை, ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் 1970களின் தொடக்கத்தில் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். இன்று உங்கள் வாயில் முதலில் மாட்டும் மெல்லிய கம்பி பெரும்பாலும் அந்தக் கலவைதான். எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே மெதுவாகத் திரும்பும், அந்த மெதுவான இழுப்பில் பல் நகரும்.

இந்தக் கம்பிகள் பலவற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. குளிர்ந்தால் தளரும், வாயின் சூட்டில் மறுபடி விறைக்கும். ஆகவே, குளிர்ந்த நீரை ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் வைத்திருந்தால் ஈறு மரத்துப்போவதோடு கம்பியின் இழுப்பும் அந்த நேரத்துக்குக் குறையும். சூடான காபி குடித்ததும் சிலருக்கு இறுக்கம் கூடுவதும் இதனால்தான். பானைத் தண்ணீர், மோர், ஐஸ்கிரீம் எல்லாம் நல்லது. ஐஸ் கட்டியைக் கடிக்க மட்டும் கூடாது, பிராக்கெட் உடைந்துவிடும்.

6. முதல் வாரத்துச் சாப்பாட்டை முன்கூட்டியே திட்டமிடுங்கள்

நம் சமையலில் மென்மையான உணவுக்குப் பஞ்சமே இல்லை. குழைய வடித்த பருப்பு சாதம், ரசம் சாதம், தயிர் சாதம், வெண்பொங்கல், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், ஆப்பம், ராகிக் கூழ், வேகவைத்த முட்டை, முள் எடுத்த மீன், வாழைப்பழம், பப்பாளி, நுங்கு என்று ஒரு வாரத்தை வயிறு வாடாமல் ஓட்டிவிடலாம். இட்லியைச் சாம்பாரில் ஊறவிட்டுக் கொடுங்கள். சப்பாத்தியைப் பிய்த்துக் குருமாவில் ஊறப்போடுங்கள். காரமும் புளிப்பும் முதல் வாரம் குறைவாக இருக்கட்டும். உரசிய இடத்தில் அவை பட்டால் எரியும்.

வலிக்கிறது என்று ஜூஸும் பாலும் மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். பசியோடு இருக்கிற பிள்ளைக்கு வலி இன்னும் அதிகமாகத் தெரியும். முன்பல்லால் கடிக்காமல், சின்னத் துண்டாக்கி, பின்பல்லால் மெதுவாக மெல்லப் பழக்குங்கள்.

7. மெழுகு வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கன்னமும் உதடும் உலோகத்துக்குப் பழகச் சில வாரம் ஆகும். புதுச் செருப்பு காலைக் கடித்துப் பிறகு பழகுவது போலத்தான் இது. அதுவரைக்கும் காப்பாற்றுவது மெழுகு. கிளினிக்கில் சின்னப் பெட்டியில் கொடுப்பார்கள், தீர்ந்தால் மருந்துக் கடையில் ஆர்த்தோ வேக்ஸ் என்று கேளுங்கள். பலர் வாங்கிப் போய், “நிக்கவே மாட்டேங்குது” என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். மெழுகு நிற்காததற்குக் காரணம் ஈரம்.

செய்முறை இது. முதலில் பல் துலக்கி, பிராக்கெட்டில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைப் போக்குங்கள். கையைக் கழுவித் துடையுங்கள். பட்டாணி அளவு மெழுகைக் கிள்ளி, விரல் நுனிகளுக்கு நடுவே பத்து எண்ணும் வரை உருட்டுங்கள், சூட்டில் இளகும். கண்ணாடி முன் நின்று உதட்டை ஒரு விரலால் விலக்கிப் பிடித்து, உறுத்துகிற பிராக்கெட்டைச் சுத்தமான பஞ்சால் ஒற்றி எடுங்கள். உலோகம் பளபளவென்று உலர்ந்து தெரிய வேண்டும். உடனே உருண்டையை அதன்மேல் வைத்து அழுத்தி, கம்பிக்கு மேலும் கீழும் லேசாகத் தடவிவிடுங்கள். கம்பியின் இடுக்கில் மெழுகு பிடித்துக்கொள்ளும். நாக்கால் தடவினால் முனை எதுவும் தட்டுப்படக் கூடாது.

சாப்பிடும்முன் எடுத்துவிட்டு, சாப்பிட்டு வாய் கழுவியபின் புதிதாக வையுங்கள். தூங்கும்போது வைத்துக்கொள்ளலாம். தெரியாமல் விழுங்கிவிட்டாலும் கெடுதல் இல்லை. பள்ளிக்கூடப் பையிலும், அலுவலகத்துக்குப் போகிறவர்கள் கைப்பையிலும் ஒரு பெட்டி எப்போதும் இருக்கட்டும்.

8. புண் வந்துவிட்டால் காரணத்தை முதலில் தேடுங்கள்

வாய்ப்புண் என்றதும் மாத்திரை வாங்கி விழுங்குவது நம் வழக்கம். கிளிப் போட்டவருக்கு வரும் புண் பெரும்பாலும் உரசலால் வருவது. உதட்டைப் புரட்டிப் பாருங்கள், புண்ணுக்கு நேர் எதிரே ஒரு பிராக்கெட்டின் கொக்கியோ கம்பி முனையோ இருக்கும். அதை மெழுகால் மூடாமல் எந்த மருந்து தடவினாலும் பயன் குறைவு.

மூடியபின் செய்ய வேண்டியது எளியது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, அரை நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளியுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை செய்யலாம். விழுங்க வேண்டாம். உதடு வெடித்தால் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் போடுங்கள். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து கொடுப்பது வழிவழியாக வந்த பழக்கம். காரமில்லாத, மெல்லத் தேவையில்லாத உணவு என்ற வகையில் அது இந்த நேரத்துக்கு மிகவும் ஏற்றது.

மருந்துக் கடையில் ஜெல் வாங்கினால் பெயருக்குக் கீழே உள்ள மருந்துப்பொருளைப் படியுங்கள். கோலைன் சாலிசிலேட் கலந்த ஜெல்லை 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் போட வேண்டாம் என்று பிரிட்டனில் 2009 முதல் சொல்கிறார்கள். நானும் பிள்ளைகளுக்கு அதை எழுதிக் கொடுப்பதில்லை. உரசலை நிறுத்தினால் புண் 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணைக் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

9. கம்பி குத்தினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்

சில வாரம் கழித்துக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் கம்பி நீட்டிக்கொண்டு கன்னத்தைக் குத்தும். கோணலாக இருந்த பற்கள் நேராகும்போது கம்பியின் மிச்ச நீளம் பின்னால் வழுக்கி வருவதால் இப்படி ஆகிறது. சிகிச்சை நன்றாக நடப்பதற்கு இது அடையாளம். அதற்காக அந்தக் குத்தலைத் தாங்க வேண்டியதில்லை. கிளினிக்கில் அதை வெட்டிவிட இரண்டு நிமிடம் போதும்.

போக முடியாத இரவில், ரப்பர் வைத்த பென்சிலின் ரப்பர் முனையைக் கழுவி, கம்பியைப் பிராக்கெட்டோடு கட்டும் மெல்லிய கட்டுக்கம்பியின் நுனியைப் பல்லோடு ஒட்டி மெதுவாக மடக்கிவிடலாம். தடித்த கம்பியானால் மடக்க முயலாமல், முனையை உலர்த்தி மெழுகு வையுங்கள். வெளியூரில் இருந்து, டாக்டரிடம் வர நாளாகும் என்றால் மட்டும், போனில் அவரைக் கேட்டுக்கொண்டு, கொதிநீரில் போட்டெடுத்த நகவெட்டியால் பெரியவர் ஒருவர் முனையை வெட்டலாம். வெட்டும்போது அந்த இடத்தில் பஞ்சையோ மடித்த துணியையோ வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்டிய துண்டு தொண்டைக்குள் போகக் கூடாது.

10. பிராக்கெட் கழன்றால் பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

கழன்ற பிராக்கெட் பெரும்பாலும் கம்பியில் கோத்தபடியே சுழன்றுகொண்டிருக்கும். அதைப் பிய்த்து எடுக்காதீர்கள். மெழுகால் பக்கத்துப் பல்லோடு சேர்த்து நிறுத்திவிட்டு கிளினிக்குக்குச் சொல்லுங்கள். தனியே விழுந்துவிட்டால் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வாருங்கள். விழுங்கிவிட்டால் அது பெரும்பாலும் வயிற்று வழியாகத் தானே வெளியேறிவிடும், ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விழுங்கிய பிறகு விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வயிற்றுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் திட்டுவார் என்று பயந்து கழன்றதை மறைக்கிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பல் மட்டும் நகராமல் நின்று, சிகிச்சை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும்.

11. வலிக்கிறது என்று துலக்காமல் விடாதீர்கள்

முதல் வாரம் பிரஷ் பட்டாலே கூசும். அதனால் துலக்குவதை நிறுத்தினால் பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படியும், ஈறு வீங்கும், வீங்கிய ஈறில் இரத்தம் வரும், பிறகு பிரஷ்ஷைத் தொடவே பயம் வரும். மென்மையான பிரஷ்ஷை வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துலக்கினால் கூச்சம் குறையும். பிராக்கெட்டுக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று 45 டிகிரி சாய்த்துத் துலக்குங்கள். கம்பிக்கு அடியில் நுழைய இன்டர்டென்டல் பிரஷ் வேண்டும். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டாக இருக்கட்டும். அழுக்கு தொடர்ந்து படிந்தால் ஒரு மாதத்திலேயே பல்லில் வெள்ளைத் தழும்பு விழத் தொடங்கும். கிளிப்பைக் கழற்றிய பிறகும் அது தங்கிவிடும்.

12. பலகாரத்தை விடச் சொல்லவில்லை, உருவத்தை மாற்றச் சொல்கிறேன்

கிளிப் உடைந்து வருகிறவர்கள் எண்ணிக்கை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடுத்த வாரம் கூடுவதை ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். முறுக்கு, தட்டை, சீடை, பொருவிளங்காய் உருண்டை, கடலைமிட்டாய், கமர்கட், கரும்பு, சுட்ட சோளக்கதிர், நல்லி எலும்பு ஆகியவை சிகிச்சை முடியும் வரை வேண்டாம். கரும்பை ஜூஸாகக் குடித்து வாய் கழுவலாம். கொய்யாவையும் ஆப்பிளையும் மெல்லிய துண்டாக நறுக்கிச் சாப்பிடலாம். முருங்கைக்காயை வழித்து உள்சதையை மட்டும் கொடுக்கலாம். தீபாவளிக்கு அதிரசம், ரவா லட்டைப் பிட்டு, குலாப் ஜாமூன் என்று சாப்பிட எத்தனையோ இருக்கின்றன. உடைந்த கம்பி புண்ணைக் கொண்டுவரும், கழன்ற பிராக்கெட்டை மறுபடி ஒட்டிக் கம்பியை இறுக்கினால் முதல் நாள் வலி திரும்ப வரும். இந்தக் கட்டுப்பாட்டின் பலன் உங்கள் கன்னத்துக்குத்தான்.

13. ரப்பரை விட்டு விட்டு மாட்டாதீர்கள்

மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே மாட்டச் சொல்லும் சிறிய ரப்பர் வளையங்கள் முதல் இரண்டு மூன்று நாள் வலிக்கும். சொன்ன நேரமெல்லாம் மாட்டினால் அந்த வலி நின்றுவிடும். பகலில் கழற்றி இரவில் மாட்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாட்டினால் ஒவ்வொரு முறையும் முதல் நாள் வலியைப் புதிதாக அனுபவிப்பீர்கள், பல்லும் நகராது. சீக்கிரம் முடியும் என்று இரண்டிரண்டாக மாட்டவும் கூடாது. அது வேரைக் கெடுக்கும்.

14. வாசிப்பவர்களும் விளையாடுபவர்களும் முன்கூட்டியே சொல்லுங்கள்

நாதஸ்வரம் பழகும் பையன் ஒருவன், உதட்டின் உட்புறம் வரிசையாகப் புண்ணோடு வந்தான். சீவாளியை உதட்டால் கவ்வும்போது முன்பல் பிராக்கெட்டுகள் உள்ளேயிருந்து அழுத்தியிருக்கின்றன. “வாத்தியார்கிட்ட சொல்லலியா தம்பி?” என்றதற்கு, “சொன்னா சாதகத்தை நிறுத்திடுவாரோன்னு பயம் சார்” என்றான். முன்பற்கள் ஆறுக்கும் மெழுகை நீளப் பட்டையாக வைக்கக் காட்டிக் கொடுத்தேன். சாதகத்தைச் சின்னச் சின்ன நேரமாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். புண் ஆறியது, உதடு பழகியது, அவன் வாசிப்பும் நிற்கவில்லை. புல்லாங்குழல், கிளாரினெட் வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும். கச்சேரியோ முகூர்த்த மாதமோ நெருங்கும்போது கிளிப்பை ஆரம்பிக்காமல், பழக நேரம் விட்டு ஆரம்பியுங்கள். கபடி, கிரிக்கெட், கூடைப்பந்து, குத்துச்சண்டை ஆடுகிறவர்கள் கிளிப்புக்கு ஏற்ற மவுத்கார்டு கேட்டு வாங்குங்கள். அடிபட்டால் பிராக்கெட்டே உதட்டைக் கிழித்துவிடும்.

15. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வாருங்கள்

ஒரு வாரம் கடந்தும் குறையாத வலி. ஒரே ஒரு பல்லில் மட்டும் தூக்கத்தைக் கெடுக்கும் துடிப்பு. முகம் அல்லது ஈறு வீக்கம், சீழ், காய்ச்சல். வாய் திறக்க முடியாத நிலை. உலோகமோ ரப்பரோ படும் இடமெல்லாம் சிவந்து அரிப்பது, அது நிக்கல் அல்லது லேடெக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். எந்தப் புண்ணானாலும் உங்களைச் சாப்பிடவோ தூங்கவோ விடாமல் செய்தால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும். தனியார் கிளினிக்கானாலும் அரசு பல் மருத்துவக் கல்லூரியானாலும் கொடுத்த தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். நேரே போய்ச் சொல்லுங்கள். குத்துகிற கம்பியை வெட்டிவிட எந்த டாக்டரும் தேதி கேட்க மாட்டார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “அழகு வேணும்னா பொறுத்துக்கத்தான் வேணும்” என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன வீட்டில்தான் பிள்ளை புண்ணை மறைக்கிறது. முதல் மாதம், இரவில் படுக்கும்முன் டார்ச் வெளிச்சத்தில் அதன் கன்னத்தின் உட்புறத்தையும் உதட்டையும் ஒரு தடவை பாருங்கள். சிவந்த இடம் தெரிந்தால் மெழுகு வையுங்கள், முனை தெரிந்தால் காலையில் டாக்டருக்கு போன் போடுங்கள்.

கிளிப் போட்டவர்களுக்குக் கடைசியாகச் சொல்வது இதுதான். பல் நகரும் வலிக்கு நாள் கொடுங்கள், அது உங்களை விட்டுப் போய்விடும். உரசுகிற உலோகத்துக்கு ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள். வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னால் சரிசெய்து தருவது எங்கள் கடமை.